கோழியும் பாக்கெட்டும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று என் மாமியார் வீட்டில் கோழியையே நிறுத்திவிட்டார். அவர் சொல்வது உண்மையா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. பல்லடம் பக்கம் எங்கள் உறவினர் ஒருவர் பண்ணை வைத்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் குஞ்சையும் தீவனத்தையும் இறக்கிவிட்டுப் போவார்கள், இவர் வளர்த்துக் கொடுத்து கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி வாங்கிக்கொள்வார். ஒரே கொட்டகையில் ஐயாயிரம் குஞ்சு. தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவதென்றால் ஊரையே கூலிக்குக் கூப்பிட வேண்டும். நான் கண்ணால் பார்த்தது, ராணிக்கெட் நோய் வராமல் இருக்க குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டது. அது தடுப்பு மருந்து. சுமார் 40 நாளில் அந்தக் கோழி இரண்டு கிலோ வருவது, பல தலைமுறையாக வேகமாக வளரும் இனத்தையே தேர்ந்தெடுத்துப் பெருக்கியதாலும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தாலும்தான்.

பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது உடல் பருமன். வாரம் ஒரு நாள் வீட்டில் வைக்கிற கோழிக் குழம்பால் அந்தப் பருமன் வருவதில்லை. சாயங்காலம் எண்ணெயில் பொரித்தது, அதோடு ஒரு குளிர்பானம், ராத்திரி பரோட்டா, இப்படித் தினமும் போனால் வரும். உங்கள் மாமியாரின் அக்கறை நியாயமானது, அந்த அக்கறையைக் கோழியை விட்டு இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

ஆனால் பிராய்லரில் பயப்படவே ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என் கவலை ஆன்டிபயாடிக். நோய் வந்த கோழிக்குக் கொடுத்தால் அது வைத்தியம். எடை கூடவும், நெருக்கடியான கொட்டகையில் நோய் வராமல் இருக்கவும் தீவனத்திலேயே கலந்து கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் உருவாகும். கொலிஸ்டின் என்று ஒரு மருந்து, வேறு எதற்கும் மசியாத தொற்றுக்குக் கடைசியாகக் கொடுப்பது, அதைக்கூடக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல்தான் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தடை செய்தது. நன்றாக வெந்த கறியில் கிருமி செத்துவிடும். ஆனால் கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற கொத்தமல்லியிலும் தட்டிலும் விழுகிறதே, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்தில் போட்டு மெதுவாகக் கழுவுங்கள், கறி வெட்டிய கத்தியால் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள் தூள் போட்டால் கிருமி போய்விடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: வேலைக்குப் போகிற அம்மா நான். பையன் பள்ளி விட்டு வந்ததும் பத்து ரூபாய் சிப்ஸ், ஒரு கூல் டிரிங்க்ஸ். தடுத்தால் அழுகிறான். எவ்வளவு வரை கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் உங்கள் மீதே பழி போட்டுக்கொள்ளாதீர்கள். தெரு முனையில் உள்ள பெட்டிக்கடையில் சரம் சரமாகக் கண்ணெதிரே தொங்குகிறது, குழந்தை கேட்கத்தான் செய்யும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். பல பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், உங்கள் பையன் சாப்பிட்டது எத்தனை கிராம் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைக்கு அதைவிடக் குறைவு. கோலா வகையில் 250 மில்லி குடித்தால் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு ஸ்பூன். அவன் குடிக்கிற பாலில் ஆறு ஸ்பூன் போடுவீர்களா? ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். நம் பிள்ளைகள் அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது, அதுதான் என் ஆதங்கம்.

ஒரே நாளில் நிறுத்தினால் அழுகை நிற்காது. குளிர்பானத்தை முதலில் நிறுத்துங்கள், சிப்ஸை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். காலையிலேயே கடலையை வேகவைத்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டால் வந்ததும் அவனே எடுத்துச் சாப்பிடுவான். தட்டைப்பயறு சுண்டல், பொட்டுக்கடலையும் வெல்லமும், இதெல்லாம் அந்தப் பத்து ரூபாய்க்குள் அடங்கும். தள்ளுவண்டியில் பொரித்த சிக்கன் வாங்குவதாக இருந்தால் வாணலியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, கறியைப் போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் அது பல தடவை காய்ந்த எண்ணெய், வாங்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: சாசேஜ், சலாமி எல்லாம் சிக்கன் மாதிரிதானே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இல்லை. உப்பும், கெடாமல் இருக்க நைட்ரைட் என்ற ரசாயனமும் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் இந்த வகையைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. காலை டிபனுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கறி சாப்பிடுவதை விட்டால்தான் பூமி பிழைக்கும் என்கிறான் என் நண்பன். நான் கிராமத்துப் பையன், எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது. நான் தப்பு செய்கிறேனா?
– ஒரு கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று 2013-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொன்னது. மாடும் ஆடும் தின்றதைச் செரிக்கும்போது மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு வருகிறது, அதனால் ஒரு கிலோ மாட்டிறைச்சியின் பாதிப்பு கோழியைவிடப் பல மடங்கு. பிரேசிலில் அமேசான் காடு அழிவதற்கு முதல் காரணமே மாட்டு மேய்ச்சல் நிலம்தான்.

ஆனால் காட்டை எரித்து உண்டாக்கிய புல்வெளியும் உங்கள் ஊர்க் கிடையும் ஒன்றல்ல. அறுவடை முடிந்த வயலில் தாளையும் புல்லையும் மேய்ந்துவிட்டு, ராத்திரி கிடை போட்டு அந்த நிலத்துக்கே புழுக்கையும் மூத்திரமும் கொடுத்துவிட்டுப் போகிற ஆடு அது. மீத்தேன் அதிலும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் காட்டை வெட்டவில்லை, உரமூட்டை வாங்கவில்லை. என்னைக் கேட்டால் திருவிழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இருந்த கறி தினசரி பிரியாணியாக ஆனதுதான் சிக்கல். நாட்களைக் குறையுங்கள், முழுக்க விடுவது உங்கள் விருப்பம்.

அப்புறம் உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள், கறியை விட்டவர் பிஸ்கட்டையும் சிப்ஸையும் விட்டாரா? அவற்றில் பெரும்பாலும் பாமாயில். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நம் நாடுதான், சுமத்ரா, போர்னியோ தீவுகளில் மழைக்காடுகள் பாமாயில் தோட்டத்துக்காக அழிந்திருக்கின்றன. சாப்பிட்டு முடித்த பாக்கெட் என்ன ஆகிறது? பால் கவரைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்குவார்கள், சிப்ஸ் பாக்கெட்டைத் தொடவே மாட்டார்கள். உள்ளே பளபளவென்று இருக்கிறதே, அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிய உலோகப் பூச்சு, பிரித்து எடுப்பது பெரிய வேலை. அதனால் சாக்கடையில் கிடக்கும், இல்லையென்றால் கருவேலங்காட்டில் முள்ளில் மாட்டிக் கிடக்கும். உங்கள் ஆடு மேய்கிற இடத்தில் பாருங்கள், உப்பு வாசனைக்கு அதையும் சேர்த்துத் தின்னும், வயிற்றில் அடைத்துக்கொள்ளும். மேய்ச்சலுக்கு விடும் முன் ஒரு சாக்கை எடுத்துப்போய்ப் பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஷவர்மாவோடு தரும் வெள்ளை சாஸைச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: அந்த வெள்ளை சாஸ் பெரும்பாலும் மயோனைஸ்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்துதான். சாஸ் எதில் செய்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள், பதில் சரியாக வராவிட்டால் தொட வேண்டாம். கம்பியில் சுற்றுகிற கறியின் உள்பக்கம் வெந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மீந்ததை எடுத்துவந்து மறுநாள் காலையில் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.