நாமினியாக என் பெயர் இருக்கிறது, உயிலும் வேண்டுமா?

“பேங்க் டெபாசிட், எல்ஐசி எல்லாவற்றிலும் கணவர் என்னைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறார். வீடு அவர் பெயரில் இருக்கிறது. நாளைக்கு எல்லாம் எனக்குத்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உயில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். அப்பா சொந்த வல்லத்தில் (நாட்டுப்படகில்) மீன்பிடி தொழிலுக்குப் போனவர். வீடு அவர் சம்பாத்தியம். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பீரோவைத் திறந்தோம். டீசல் கணக்கு எழுதும் நோட்டின் நடுப்பக்கத்தில், “என் காலத்துக்குப் பிறகு வீடு என் மனைவிக்கு. யாரும் தொந்தரவு செய்யக் கூடாது” என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். அம்மா அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பத்திர எழுத்தர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாட்சி கையெழுத்து எங்கம்மா?” என்று கேட்டார். உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத் தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயம் இல்லை. ஆனால் குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது இல்லாததால் அந்த நோட்டு செல்லவில்லை.

உயில் இல்லையென்றால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம்தான். மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் எல்லாருக்கும் சம பங்கு. அம்மா, நான், தம்பி, அப்பத்தா என்று ஆளுக்குக் கால் பங்கு ஆனது. அப்பத்தா அப்போதே, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கத் தயாராக இருந்தார். துக்க வீட்டில் என்ன அவசரம் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். அடுத்த வருஷம் அப்பத்தாவும் போய்விட்டார். அவருடைய கால் பங்கு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும், அப்பா வழியில் எனக்கும் தம்பிக்கும் பிரிந்தது. அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் வாசல் தெளித்த வீட்டுக்கு அத்தை மகனிடம் போய் அம்மா கையெழுத்துக் கேட்டு நின்றதை இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. பணம் கொடுத்துத்தான் முடித்தோம்.

இனி நாமினி. பேங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். வாரிசுகள் பங்கு கேட்டால் கொடுக்க வேண்டும். எல்ஐசி மட்டும் கொஞ்சம் வேறு: காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவருக்கே சேரும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வாரிசுகள் யார் யார் என்று மட்டும்தான் சொல்லும்.

மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு. தங்கச்சிமடத்தில் உள்ள என் கிறிஸ்தவத் தோழி வீட்டில் உயில் இல்லாமல் போனால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. கீழக்கரை முஸ்லிம் குடும்பம் என்றால் எட்டில் ஒன்று. அங்கே உயில் எழுதி மனைவிக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சாட்சிகளாகச் சொத்தில் எதுவும் பெறாதவர்களை, உங்கள் கணவரைவிட வயதில் சின்னவர்களைப் பிடியுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கணவரும் கடலுக்குப் போகிறவர் என்றால் இன்னொன்று. ஆள் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க 7 வருஷம் தகவலே இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை உயிலும் நாமினியும் பேசாது. வீட்டுச் செலவுக்கான பணத்தையாவது, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ‘எய்தர் ஆர் சர்வைவர்’ கூட்டுக் கணக்காக இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.