சம்பா நாற்றில் சில மட்டும் நெட்டையாக வெளிறி நிற்பது ஏன்?

மன்னார்குடி நண்பருக்கு வணக்கம். நாற்றங்காலில் அங்கங்கே சில நாற்று மட்டும் மற்றதைவிட உயரமாக, மெலிந்து, வெளிறி நிற்கிறது, யூரியா போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். யூரியா தரும் தழைச்சத்து கூடினால், இதற்குக் காரணம் என்று நான் சந்தேகிக்கும் நோய் இன்னும் வலுக்கும்.

தழைச்சத்துக் குறை என்றால் வெளிறலோடு நாற்று குட்டையாகத்தான் நிற்கும். நீங்கள் சொல்வது பக்கானே என்ற பூஞ்சை நோய் போலத் தெரிகிறது. ஒன்றைப் பிடுங்கி, தண்டின் கீழ்க் கணுவில் வேர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் அநேகமாக அதுதான்.

நெற்பயிர் வளர்வதற்காகத் தானே ஜிப்ரலின் என்ற ஹார்மோனை மிகக் கொஞ்சமாகச் சுரக்கிறது. இந்த நோயைத் தரும், விதையோடு வரும் ஃபுசாரியம் பூஞ்சை அதே ஹார்மோனை அளவில்லாமல் சுரந்துவிடும். பயிர் அதைத் தன் சொந்தக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டு, இருக்கிற சத்தையெல்லாம் கொட்டி நீண்டுகொண்டே போகிறது. உலகம் ஜிப்ரலினைக் கண்டுகொண்டதே இந்த நோயால்தான்: 1926-ல் குரோசாவா என்ற ஜப்பானியர், பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி ஊற்றினாலே நாற்று நெட்டையாவதைக் காட்டினார். எனக்கு அலுக்காத சங்கதி இது.

சரி, இப்போது நெட்டை நாற்றை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், நடவுக்குப் போகக்கூடாது. அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள். அடுத்த முறை முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் விதையைப் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மூழ்கியதை நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.