கணினி எடுக்கும் முடிவில் அநியாயம் எப்படி வரும்?

"கணினி ஆள் பார்த்து முடிவெடுப்பதில்லையே, அப்புறம் அதில் என்ன அநியாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரத்தைப் பாருங்கள்.

உதவித்தொகை வாங்கியவர்கள் வருமானத்தை மறைத்தார்களா என்று பார்க்க, 2016-இல் அங்கே ஒரு தானியங்கி முறையைப் பெரிய அளவில் இறக்கினார்கள். வரித்துறையிடம் இருக்கும் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போடும், அவ்வளவுதான் கணக்கு. ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கிவிட்டு, அடுத்த ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதித்தார் என்று வையுங்கள். கணினியின் கணக்கில் அவர் வருடம் முழுக்க இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்தவர். உடனே, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம். நிலையான சம்பளக்காரருக்கு இந்தச் சராசரி ஓரளவு பொருந்தும். அவ்வப்போது வேலை கிடைப்பவர் தலையில்தான் இடி. சூத்திரம் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்!

எனக்கு அதைவிட உறுத்துவது அடுத்த கட்டம். கூடுதலாக வாங்கிய உதவித்தொகை அரசுக்குத் தர வேண்டிய கடன் என்று கணக்கு. அந்தக் கடன் இருக்கிறது என்று அரசு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இல்லை என்று கடிதம் வந்தவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது, அதுவும் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டோடு. முன்பு வேலை பார்த்த ஓட்டல் இப்போது மூடிக்கிடந்தால் எங்கே போவது? வம்பே வேண்டாம் என்று கட்டியவர்கள் உண்டு.

2019-இல் நீதிமன்றத்தில் இந்தச் சராசரிக் கணக்கு அடிபட்டுப் போனது. மறு ஆண்டு, சுமார் 4,70,000 கடன்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. பிறகு விசாரித்த அரச ஆணையத்தில், மகன்களைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்களும் சாட்சி சொன்னார்கள். இந்த முறை கொடூரமானது, சட்டத்துக்கும் புறம்பானது என்று 2023-இல் ஆணையம் அறிக்கை தந்தது.