படத்தின் குறை எது, இறுவட்டின் குறை எது?

கேள்வி: தற்காப்புக் கலையில் தேர்ந்த பொலிஸ் அதிகாரி ஒருவரைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படத்தின் டிவிடியைத் திருகோணமலை நகரிலுள்ள கடையொன்றில் அண்மையில் வாங்கினேன். இயக்குநரின் விளக்கவுரையும் படப்பிடிப்புக் காட்சிகளும் உண்டென்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். இறுவட்டில் படம் மட்டுமே இருக்கிறது. 100 நிமிடம் என்று போட்டிருந்த படம் 96 நிமிடத்தில் முடிந்துவிட்டது. சண்டைக் காட்சிகளில் எதிராளி பாதி நேரம் கண்ணிலேயே படவில்லை. படமும் ஏமாற்றம்தான். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இதையே புளூரேயில் வாங்கினால் நன்றாக இருக்குமா?
வாசகர், உவர்மலை

பதில்: படம் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகக் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் உங்கள் முறைப்பாட்டில் படத்தின் குறையும் இறுவட்டின் குறையும் கலந்து கிடக்கின்றன. இரண்டாவதற்கு விற்றவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

உறையில் சொன்ன விளக்கவுரை உள்ளே இல்லை என்பதே உங்கள் கையிலுள்ள வலுவான ஆதாரம். பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் வகையிலோ சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. இறுவட்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்டது வெள்ளிபோல் மினுங்கும். கணினியில் பதிவுசெய்தது பெரும்பாலும் ஊதா நிறம் காட்டும். ஊதாவாக இருந்தால் உங்களுக்கு விற்கப்பட்டது நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளக்கவுரை காணாமற்போன காரணமும் அதுவாக இருக்கலாம்.

நான்கு நிமிடக் குறைவை மட்டும் வைத்து, காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று முடிவுசெய்ய வேண்டாம். திரையரங்கில் நொடிக்கு 24 சட்டகங்களாக (தனித்தனிப் படங்களாக) ஓடும் படம், நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறைக்காகத் தயாரிக்கப்படும் டிவிடியில் 25 சட்டகங்களாக ஓடுவதால், 100 நிமிடம் சரியாக 96 ஆகிறது. குரல்களும் சற்றே மேலேறி ஒலிக்கும். அது குறைபாடு ஆகாது. உண்மையாகவே வெட்டுவதும் உண்டு: ஜாக்கி சானின் ‘போலீஸ் ஸ்டோரி’ வரிசையில் 1992 இல் ஹொங்கொங்கில் வந்த மூன்றாவது படம் 1996 இல் அமெரிக்காவில் வெளியானபோது, சில பகுதிகள் நீக்கப்பட்டு, ஆங்கிலக் குரலும் புதிய இசையும் சேர்க்கப்பட்டன. இத்தகைய படங்களை வாங்கும்போது எந்த நாட்டுப் பதிப்பு என்று கேட்டு வாங்குவது நல்லது.

எதிராளி கண்ணில் படாததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமாக எடுக்கப்பட்ட படத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டத்துக்குள் நிரப்பினால், அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் பறிபோகும். இருவர் திரையின் இரு ஓரங்களில் நின்று மோதும் காட்சியில் கால் உயர்வது தெரியும், அந்த உதை யார்மேல் விழுந்தது என்பது தெரியாது. குடும்பக் கதையில் பொறுத்துக்கொள்ளலாம். உடலின் அசைவையே நம்பி எடுத்த சண்டைப் படத்தை இது கொன்றுவிடும். முதலில் உங்கள் தொலைக்காட்சியின் ஸூம் அமைப்பை நிறுத்திப் பாருங்கள். பிறகு, பெயர்கள் வரும் தொடக்கத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருந்து, கதை தொடங்கியதும் அவை மறைகின்றனவா என்று கவனியுங்கள். மறைந்தால் வெட்டு இறுவட்டிலேயே இருக்கிறது. உறையில் அகலத்திரை என்று போட்டிருந்தால் இதுவும் பொய்யான விவரிப்பே.

பற்றுச்சீட்டு, உறை, இறுவட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போங்கள். பற்றுச்சீட்டு தராமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வணிகரின் கடமை. அவர் மாற்றித்தர மறுத்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். கச்சேரிப் பக்கம் அலைவதற்கு முன்னர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புளூரே பற்றி: படம் முழு அகலத்தில், 1080 கோடுகளின் தெளிவோடு, திரையரங்கின் வேகத்திலேயே ஓடும். இருந்தும் இந்தப் படத்துக்காக மறுபடி செலவழிக்க வேண்டாம் என்பேன். 1985 இல் வந்த முதல் ‘போலீஸ் ஸ்டோரி’யில் கமெரா விலகி நின்று, அடி புறப்படுவதையும் போய் விழுவதையும் ஒரே காட்சியில் காட்டும். ஒவ்வோர் அடியையும் மூன்று நான்கு துண்டாக நறுக்கி, சண்டை தெரியாத நடிகரை வீரராகக் காட்டும் படத்தை எந்த இறுவட்டும் திருத்தாது. வேறு நல்ல படத்தை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால், எந்தப் பகுதி நாடுகளின் இறுவட்டு இயக்கிகளில் அது ஓடும் என்று காட்டும் வலயக் குறியீட்டைப் பாருங்கள்: இலங்கை டிவிடிக்கு 5 ஆம் வலயம், புளூரேக்கு சி வலயம். ஹொங்கொங், அமெரிக்கப் புளூரேக்கள் ஏ வலயத்தைச் சேர்ந்தவை. குறியீடு பூட்டப்பட்டிருந்தால் இங்கு வாங்கிய இயக்கியில் அவை ஓடாமல் போகலாம். புளூரேயைவிடத் தெளிவான 4கே இறுவட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை.