எம்.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் முதுகலை): பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் சேரலாமா, படிப்பில் எது கடினம்?

சேரலாம். எந்தப் பட்டம் பெற்றவருக்கும் இடம் உண்டு. இயற்பியல் படித்திருப்பது ஆய்வு நிறுவன நூலகங்களில் கூடுதல் பலம்தான். ஆனால் சேருமுன் எந்த வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளின் நூலகர் பணிக்கு நூலக அறிவியல் இளநிலைப் பட்டமே போதும். கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் பணிகளுக்கு முதுகலையில் 55 சதவீதமும், நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி இதற்கான தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்த 55-ல்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 54.9 எடுத்துவிட்டு 55 என்று முழுமையாக்கிக் கொள்ள முடியாது. நெட் அறிவிப்பிலேயே இது தெளிவாக இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும். எனவே முதல் பருவத்திலிருந்தே சதவீதத்தில் கண் இருக்கட்டும்.

படிக்க இரண்டு வழிகள். ஒரு வருட பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் இளநிலை), அதன்பின் ஒரு வருட எம்.எல்.ஐ.எஸ். என்பது ஒன்று, இக்னோ என்னும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான். பட்டத்திலிருந்து நேரடியாக இரண்டு வருட முதுகலை என்பது மற்றொன்று. பள்ளி வேலைக்கும் கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் முதல் வழி வசதியானது, ஒரு வருடத்திலேயே ஒரு பட்டம் கைக்கு வந்துவிடும். கணினிப் பக்கம் ஆர்வமுள்ளவர் பெங்களூர் டிஆர்டிசியை (ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம்) விட்டுவிடாதீர்கள். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1962-ல் தொடங்கிய மையம் அது; இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் இரண்டு வருடப் படிப்பு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

கடினம் எது என்றால், சந்தேகமில்லாமல் பகுப்பாக்கம் (நூலின் பொருளுக்கேற்ப எண் தருவது) செய்முறைத் தாள். மனப்பாடம் அங்கே செல்லாது. நூலகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டூயி தசமப் பகுப்பில் முதலில் நூல் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று பாருங்கள், பிறகுதான் தலைப்பிலுள்ள சொற்கள். 'தமிழ்நாட்டில் கல்வி' என்றால் கல்விக்கு 370, இடவாரி விவரத்துக்குத் துணை எண்கள் தரும் அட்டவணை 1-லிருந்து 09, தமிழ்நாட்டுக்கு இட எண்கள் தரும் அட்டவணை 2-லிருந்து 5482. 370-ன் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டுச் சேர்த்தால் 370.95482. இதே பழக்கத்தில் 'தமிழ்நாட்டின் பொருளாதார நிலை'க்கு 330.095482 என்று எழுதுவார்கள். அது தவறு. பொருளாதார நிலைக்கு துறை எண்கள் உள்ள முதன்மை அட்டவணையிலேயே 330.9 இருக்கிறது, அதோடு 5482 சேர்த்து 330.95482 என்பதே விடை. 330.09 என்றால் பொருளாதாரம் என்னும் கல்வித்துறையின் வரலாறு. ஒரு சுழியம் நூலை வேறு அலமாரிக்கே அனுப்பிவிடும்.

அகராதிகளிலும் இந்தச் சுழியச் சிக்கல் வரும். மருத்துவ அகராதி 610.3, பொருளாதார அகராதி 330.03, பொறியியல் அகராதி 620.003. புள்ளிக்குப் பின்னுள்ள இடங்கள் வேறு பொருள்களுக்குப் போய்விட்டால் அகராதி, வரலாறு போன்ற பொதுத் துணைப்பிரிவுகளுக்குக் கூடுதல் சுழியம் வேண்டும். எத்தனை என்பதை அந்த எண்ணுக்குக் கீழுள்ள குறிப்பே சொல்லும், ஊகிக்க வேண்டியதில்லை. குறிப்பைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தாள் முடிந்த மாதிரி. பயிற்சிக்குத் தமிழ்-ஆங்கில அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 494.811 தமிழ், 3 அகராதி, 21 ஆங்கிலம், மொத்தம் 494.811321.

ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பில் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். நுரையீரல் காசநோய்க்கு 6-ம் பதிப்பில் L45:421, 7-ம் பதிப்பில் L,45;421. 6-ம் பதிப்பில் முதல் ஆளுமை முகத்துக்கு (பொருளின் மையக் கூறு, இங்கே நுரையீரல்) முன் காற்புள்ளி வராது, நோய் ஆற்றல் முகத்தில் (செயலைக் குறிக்கும் கூறு, முன்னே : குறி) வரும். 7-ல் இரண்டும் மாறிவிட்டன. இணையத்தில் கிடைக்கும் விடைகள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும்.

பட்டியலாக்கத்தில் மார்க் 21 (நூல் விவரங்களைக் கணினியில் பதியும் வடிவம்) முக்கியம். தலைப்புக்கான 245-ம் புலத்தின் இரண்டாவது குறியீட்டில், வரிசைப்படுத்தும்போது விட்டுவிட வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கையைத் தர வேண்டும், இடைவெளியையும் சேர்த்து. ஆங்கிலத் தலைப்பு 'தி' என்று தொடங்கினால் 4, 'ஏ' என்றால் 2, தமிழ்த் தலைப்புக்கு 0. இதை மறந்தால் வரிசைப்படுத்திய பட்டியலில் 'தி' நூல்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும்.

கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தால் மட்டும் போதாது, சொந்தக் கணினியில் டெபியனோ உபுண்டுவோ (லினக்ஸ் இயங்குதளங்கள்) போட்டு நிறுவிப் பாருங்கள். புதிதாகச் சேர்த்த நூல் தேடலில் வரவில்லையா? பெரும்பாலும் ஜீப்ரா (கோஹாவின் தேடல் பொறி) இன்டெக்ஸ் இயங்காமல் இருக்கும். தமிழ்த் தேடல் மட்டும் தடுமாறினால் இன்டெக்ஸை யூனிகோட் எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றி, முழுவதையும் மறுபடி இன்டெக்ஸ் செய்யுங்கள். மாற்றிவிட்டு மறு இன்டெக்ஸ் செய்யாமல் 'சரியாகவில்லை' என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மற்ற தாள்களான நூலக மேலாண்மை, தகவல் மூலங்கள் எல்லாம் படித்தால் வந்துவிடும்.

ப்ராஜெக்டுக்குப் பாதிப் பேர் நூலியல் அளவை ஆய்வைத்தான் (கட்டுரைகள், ஆசிரியர்கள், மேற்கோள்களை எண்ணிக்கையில் ஆராய்வது) எடுக்கிறார்கள், தரவு எளிதாகக் கிடைப்பதால். எடுத்தால் ஆசிரியர் பெயர்களை முதலில் சுத்தம் செய்யுங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லை; இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதுவதால் தரவுத்தளம் ஒரே ஆளை மூன்று பேராக்கிவிடும், சில சமயம் மூன்று பேரை ஒருவராகவும். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இருந்தால் அதை வைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் நிறுவன முகவரியும் இணை ஆசிரியர்களும்தான் துணை. இதைச் செய்யாமல் போட்ட 'அதிகம் எழுதிய ஆசிரியர்' அட்டவணையை வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்கள்.