ஆய்வகத்தில் முதல் பருவம்

கேள்வி: இளங்கலை உளவியல் மாணவர்கள் சிலர் எங்கள் ஆய்வகத்தில் சேர விரும்புகிறார்கள். முதலில் எந்த வேலையைக் கொடுக்கலாம்?
– பேராசிரியை ஒருவர், காட்பாடி

பதில்: தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை மட்டும் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள், பலரும் செய்வது அதுதான். முதலில் அவர்களையே பங்கேற்பாளர்களாக அமர்த்துங்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நன்கு பொருந்தும்: பச்சை மையில் அச்சிட்ட 'சிவப்பு' என்ற சொல்லைப் பார்த்து, மையின் நிறத்தைச் சொல்லத் தடுமாறும் மாணவி, சோதனைக்கு முன் தரும் விளக்கம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அங்கேயே உணர்ந்துகொள்வார்.

அடுத்தது ஒப்புதல் படிவம். குடியாத்தத்திலிருந்து சோதனையில் பங்கேற்க வருபவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. விரும்பினால் பாதியிலேயே விலகலாம் என்பதைத் தமிழிலும், தேவைப்படுவோருக்கு உருதுவிலும் வாய்விட்டுச் சொல்ல மாணவர்களைப் பழக்குங்கள். அவர்களுடைய குறிப்பேடுகளை, மூத்த ஆய்வு மாணவரிடம் தள்ளிவிடாமல், வாரந்தோறும் நீங்களே படியுங்கள்.