சிறிய ட்ரோன்களும் அவற்றைச் சுமக்கும் லாரிகளும்: கேள்வி பதில்

கேள்வி: நூறு ட்ரோன்களை ஒருசேரப் பறக்கவிட்டால் அது கூட்டத் தாக்குதல் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ட்ரோன்கள் தமக்குள் தகவல் பரிமாறி, வேலையைத் தாமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2016இல் அமெரிக்காவின் சைனா லேக் சோதனைத் தளத்தில் மூன்று எஃப்/ஏ-18 போர் விமானங்கள் 103 பெர்டிக்ஸ் ட்ரோன்களை வானில் உதிர்த்தன. அவை அப்படித்தான் சேர்ந்து பறந்தன. அது சோதனை. போர்க்களத்தில் இன்றும் பெரும்பாலும் ஒரு ட்ரோனுக்கு ஓர் ஆள்தான்.

கேள்வி: 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத்தளங்களை உக்ரைன் தாக்கியபோதும் ஒரு ட்ரோனுக்கு ஓர் ஆள்தானா?

பதில்: ஆம். 117 ட்ரோன்கள், ஒவ்வொன்றையும் இயக்க ஓர் ஆள் என்றது உக்ரைன். சைபீரியாவின் பெலாயா தளம் உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்தச் சிறிய ட்ரோன்களால் அவ்வளவு தூரம் பறக்கவே முடியாது. அந்தத் தொலைவைக் கடந்தவை லாரிகள். மரக் குடில்களின் கூரைக்கடியில் ட்ரோன்களை அடுக்கி, தளங்களுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தி, கூரையைத் தொலைவிலிருந்தே திறந்தார்கள். திறந்தவெளியில் நின்ற டியு-95 குண்டுவீச்சு விமானங்கள் எரிந்தன. அந்த வகை இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை என்பதால் இழப்பு இழப்புதான். ஒன்றரை ஆண்டுக்கும் மேலான தயாரிப்பில் மிகக் கடினமான பகுதி கடத்திச் சென்றதுதான் என்பேன்.

கேள்வி: ட்ரோன்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கிடங்கில் வைத்துவிட்டால் போதாதா?

பதில்: இந்த எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. பீரங்கிக் குண்டு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ட்ரோன் அப்படியல்ல. ட்ரோனுக்கு வரும் ரேடியோ சிக்னலைத் தடுக்கும் கருவியான ஜாமரின் அலைவரிசையை எதிரி மாற்றினால், ரேடியோ பாகத்தையும் மென்பொருளையும் உடனே மாற்றியாக வேண்டும். பேட்டரி கடுங்குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். முன்னணியில் ஜெனரேட்டர், அதற்கு டீசல், சார்ஜர், உதிரி இறக்கைகள், பழுதுபார்க்கும் பட்டறை எல்லாம் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒன்று அறுந்தாலும் ட்ரோன்கள் பெட்டியிலேயே கிடக்கும்.

கேள்வி: போர் விமானங்களின் காலம் முடிந்துவிட்டதா?

பதில்: இல்லை. ஒரு டன் குண்டைச் சுமந்து பாலத்தைத் தகர்க்கச் சிறிய ட்ரோனால் முடியாது.

கேள்வி: விமானத்தளத்தைக் காப்பது எப்படி?

பதில்: ஒவ்வொரு ட்ரோனுக்கும் விலையுயர்ந்த ஏவுகணையைச் செலவழித்தால் கையிருப்பு கரைந்துவிடும். ஜாமர், துப்பாக்கி, வலை, இடைமறிக்கும் ட்ரோன் ஆகியவையே முதல் வரிசை. ரேடியோ இல்லாமல், கண்ணாடி இழைக் கம்பி வழியே கட்டளை பெற்று இயங்கும் ட்ரோனை ஜாமரால் தடுக்க முடியாது. ஆகவே விமானங்களைக் கான்கிரீட் கொட்டகைக்குள் நிறுத்துங்கள். தளத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நிற்கும் லாரிகளையும் சோதியுங்கள்.